அஞ்சு கிலோ வெந்தயம்

ஷ்லீரன் ஸ்டேஷனடி மருந்துக்கடையில் நிம்மதியின் விலை நாற்பத்தொன்பது பிராங் தொண்ணூறு சதமாக இருந்தது. பற்பசைக்கும் சளிமருந்துக்கும் நடுவில் விலைச்சீட்டோடு அது அலுமாரியில் நின்றது. இருநூறு மீற்றர் தள்ளி, உருத்திரமூர்த்தியின் பலசரக்குக் கடையில் அதே நிம்மதி சும்மா கிடைத்தது. அப்படியிருந்தும் முதல் மூன்று கிழமையில் ஒரு பெட்டிகூட நகரவில்லை. முப்பது வருடமாகக் கல்லாவில் இருந்த மனிதனுக்கு இது லேசான அவமானமில்லை. தேதி முடிய இரண்டு நாள் இருக்கும் தேங்காய்ப்பாலை, "இண்டைக்குச் சொதி வைக்காமல் வேற எண்டைக்கு அக்கா வைக்கப் போறியள்?" என்று கேட்டே தள்ளிவிடுகிற ஆள் அவர். இப்போது சும்மா கொடுக்கிற சாமானுக்கு வாடிக்கை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

பெட்டிகளைக் கொண்டுவந்தவள் மதுஜா. சுவிஸிலேயே பிறந்து வளர்ந்தவள். சூரிச்சில் ஒரு சுகாதாரச் சங்கத்தில் வேலை. சப்பாத்தைக் கழற்றவா வேண்டாமா என்று கடைவாசலில் தயங்கிய முதல் வாடிக்கையாளர் அவள்தான். ஐம்பது எச்.ஐ.வி டெஸ்ட் பெட்டிகளை மேசையில் வைத்து, ஆண்கள் வீட்டிலேயே தாங்களாகப் பார்க்கலாம் என்று விளக்கினாள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், கால் மணித்தியாலம். ஒரு கோடு விழுந்தால் இல்லை. இரண்டு விழுந்தால் டொக்டரிடம் போய் உறுதிப்படுத்த வேண்டும்.

"உறுதிப்படுத்தி?"

"குளிசை இருக்கு அங்கிள். நாளுக்கு ஒண்டு. ஒழுங்காப் போட்டா தொண்ணூறு வயது மட்டும் இருக்கலாம். மற்ற ஆக்களுக்கும் தொத்தாது."

"அப்ப என்ட பிறெஷரைவிட நல்ல வருத்தம்."

அவள் சிரிக்கவில்லை. ஆண்கள் ஏன் தங்கள் நிலையத்துக்கு வருவதில்லை என்று கேட்டாள். உருத்திரமூர்த்திக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாம் படிப்பிக்கிறார்கள், தமிழரைப் படிப்பிப்பதில்லை. "வரவேற்பில இருக்கிறது எங்கட பிள்ளை. மொழிபெயர்க்க வாறது ஆற்றையோ மச்சாள். ரெண்டும் இல்லையெண்டு வை, ஊசி போடுறது வெள்ளைக்காரனா இருக்கும், அந்த அறையைத் துடைக்கிறது எங்கட ஆள். எந்த ஆம்பிளை வருவான், சொல்லு?"

"அதுதான் உங்களிட்ட வந்தனான். உங்கட கடைக்கு வராத தமிழ் ஆம்பிளை இந்தப் பக்கத்தில இல்லையாம்."

மற்றவர்களைப் புகழ்ந்தே சாமான் விற்றவர் அந்த இடத்தில் தானே விலைபோனார்.

அலுமாரியில் வைத்தால் தூசிதான் பிடிக்கும் என்பது மூன்று கிழமையில் தெரிந்துவிட்டது. பெட்டிகளைக் கல்லாவுக்குக் கீழே இறக்கினார். தனியாக வந்து வெந்தயம் கேட்கிற ஆணுக்குக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுப்பது என்று, நம்பிக்கையான நாலு பேரின் காதில் போட்டார். வெந்தயத்துக்கென்று எந்த ஆண் கடைக்கு வரப்போகிறான் என்பது அவர் கணக்கு. அந்தக் கிழமையே சிறீதரன் அண்ணை வந்தார். வயது எழுபத்திரண்டு, சலரோகம் இருபது வருடம். வெந்தயம் கேட்டார், பையோடு போனார். அடுத்த நாள் காலமை கடை திறக்க முன்னரே வாசலில் நின்றார்.

"உருத்திரா, உது நல்ல சாமான். ஆனா ஒரு கோடுதான் விழுகுது. சுகர் கூடவோ குறையவோ?"

"நல்லாக் குறைஞ்சிருக்கு அண்ணை."

"நான் சொன்னனான்தானே, வெந்தயம் வேலை செய்யுமெண்டு."

அதற்குப் பிறகுதான் அது அஞ்சு கிலோ வெந்தயம் ஆனது. உலகத்தில் ஒருவருக்கும் அஞ்சு கிலோ வெந்தயம் தேவைப்படாது. கேட்பவருக்கும் அந்தச் சொல்லில் ஒரு சிரிப்பு இருந்தது, சிரித்துக்கொண்டே கேட்கிறபோது பயம் வெளியே தெரியாது. பெட்டிகள் நகரத் தொடங்கின. கோயில் நிருவாகத்தில் இருக்கிற ஒருவர் நெற்றியில் விபூதியோடு வந்து அஞ்சு கிலோ கேட்டார். மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவர், காரை ஓடவிட்டபடியே ஓடிவந்து கேட்டார். உருத்திரமூர்த்தி யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பையை நீட்டும்போது கண்ணைக் கத்தரிக்காய்ப் பெட்டியில் வைத்துக்கொள்வார். மதுஜா கேட்டது எண்ணிக்கை மட்டும். அதற்கு ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வைத்திருந்தார். ஒரு பெட்டிக்கு ஒரு கோடு. பெயர் இல்லை, அடையாளம் இல்லை. அவர் வாழ்க்கையில் பெயர் எழுதாமல் வைத்த ஒரே கணக்கு அது.

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மத்தியானம் கிஷோபன் வந்தான். முப்பத்துமூன்று வயது. அகதியாக வந்து ஆறு வருடம் விசாவுக்குக் காத்திருந்து, இப்போது ஒரு சலவைத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. ஒரே வீட்டில் கூட இருக்கும் கோபிசனுக்கும் சேர்த்து அவன்தான் சாமான் வாங்குவான். முன்பெல்லாம் கோபிசனும் வருவான். நெடுத்த பொடியன், வாய் சும்மா இருக்காது. "அண்ணை, உங்கட முருங்கைக்காய் பிளேனில பிஸ்னஸ் கிளாசிலயோ வந்தது?" என்று கடை முழுக்கக் கேட்கக் கேட்பான். சண்டை பிடித்து ஐம்பது சதம் குறைப்பித்து, அந்த ஐம்பது சதத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுப் போவான். அவனைக் கண்டு இரண்டு மாதமாகியிருந்தது.

"அண்ணை, பத்துக் கிலோ வெந்தயம்."

"பத்தோ?"

"ரெண்டு பேருக்கு."

உருத்திரமூர்த்தி இரண்டு பெட்டி எடுத்துப் பையில் போட்டார். கொப்பியில் இரண்டு கோடு இழுத்தார், முப்பதும் முப்பத்தொன்றும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்பதில்லை என்பதுதான் வியாபாரம். ஆனால் கேட்காத கேள்வி எங்கும் போய்விடுவதில்லை, விற்காத சாமான் போல உள்ளே கிடக்கும்.

மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலமை, பச்சைமிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. லா ஷோ-து-ஃபோன் நகரில் இருந்து செல்வராணி என்று ஒரு பெண். மகள் தக்ஷிகா அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. சாதகம் பொருந்திவிட்டது, பொடியனும் பெட்டையும் இரண்டு தரம் வீடியோவில் கதைத்தும் விட்டார்கள்.

"கிஷோபன் எண்டு... உங்கட கடைக்கு வாறவராம். நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் அண்ணை. உங்கட பிள்ளைக்குப் பாக்கிற மாதிரி நினைச்சுச் சொல்லுங்கோ. பொடியன் எப்பிடி?"

இப்படியான அழைப்பு அவருக்குப் புதிதில்லை. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க இந்த நாட்டில் அயலட்டை கிடையாது. மேல்வீட்டுச் சுவிஸ்காரியிடம் கேட்டால், சத்தம் போடாத மனிதர், குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடுகிறார் என்பாள். அதனால் கடைக்காரரைத்தான் கேட்பார்கள். பியர் எத்தனை வாங்குகிறான், வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிறானா, கடனுக்குக் கேட்கிறானா என்பதெல்லாம் கடைக்காரருக்குத்தான் தெரியும். நூறு கலியாணமாவது அவர் வாயில் தொங்கி நடந்திருக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. கேள்வி முடியமுதல் பதில் தொடங்க வேண்டும். "கிஷோபனோ? தங்கமான பொடியன்!" என்று மற்றப் பக்கத்தின் மூச்சை வெட்டிக்கொண்டு பாய வேண்டும். வேகத்தில்தான் சாட்சி இருக்கிறது.

உருத்திரமூர்த்தி வாயைத் திறந்தார். அப்போது கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கோடு கண்ணுக்குள் வந்தது. ரெண்டு பேருக்கு. யார் அந்த இரண்டாவது ஆள்? பெண்ணோ? உங்கட பிள்ளைக்குப் பாக்கிற மாதிரி என்றல்லவா கேட்கிறாள். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பெட்டி வாங்கினவனெல்லாம் வருத்தக்காரனோ, கோயில்காரரும்தானே வாங்கினார், சிறீதரன் அண்ணையும்தானே வாங்கினார் என்று உள்ளே இன்னொரு குரல் கத்தியது. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல வைத்துக்கொண்டு நிற்கிறேனே என்றும் தோன்றியது. தராசின் எண்கள் ஓடி, தடுமாறி, இருநூற்றுப் பத்தில் நிற்கிற நேரம்தான் பதில் பிந்தியது. அவ்வளவுதான்.

"நல்ல பொடியன்," என்றார்.

மற்றப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. "சரி அண்ணை. விளங்கிச்சு. பெரிய உபகாரம்."

"என்ன விளங்கினது? நான் ஒண்டும்..."

தொடர்பு அறுந்திருந்தது. பின்னால் மரக்கறிப் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்த மனைவி புனிதவதி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எதிர்ப்பக்கம் கேட்டிருக்கவில்லை. அவருடைய பக்கம் கேட்டதே போதுமாயிருந்தது.

"வாய் திறக்காமலே எல்லாத்தையும் கதைச்சுப்போட்டியள்," என்றாள்.

மத்தியானம் அவர் செல்வராணிக்குத் திருப்பி எடுத்தார். முப்பது வருடச் சரக்கையும் அவிழ்த்துக் கொட்டினார். குடியில்லை, புகையில்லை, தாய்க்கு மாதம் தவறாமல் காசு அனுப்புகிறவன், கோயிலில் தேருக்கு முன்நின்று வடம் பிடிக்கிறவன், தன் மகளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன் என்றார். வேண்டாமென்று போனவனைத் தெருவரைக்கும் துரத்திப் போய்ப் பாதி விலை சொன்னால், அவன் சாமான் பழுதென்று உறுதிசெய்துகொள்வான். இது அவருக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே துரத்தினார்.

செல்வராணி பொறுமையாகக் கேட்டாள். "காலமை வராத வாய் இப்ப எங்கயிருந்து அண்ணை வந்தது?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. தப்பித்துக்கொண்ட தாயின் குரலாக இருந்தது.

மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொண்டது. லா ஷோ-து-ஃபோனில் கடைக்காரர் யோசிச்சவராம் என்று புறப்பட்ட கதை, துன் நகரில் செல்வராணியின் தங்கச்சி வீட்டில் இறங்கியபோது கடைக்காரருக்கு ஏதோ தெரியுமாம் என்று ஆகியிருந்தது. அவள் புருஷனோடு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் வழியாக ஷ்லீரனுக்குத் திரும்பி வந்தபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது. கடையில் ஒரு கொப்பி இருக்கிறதாம். அதில் எல்லாருடைய பெயரும், தேதியும், எத்தனை கோடு என்பதும் எழுதியிருக்கிறதாம். உருத்திரமூர்த்திக்கு அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கோயில் தேர்முட்டியில் ஏறி நின்று காட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒருவராவது நேரே கேட்டால்தானே காட்டலாம்? ஆண்கள் வந்தார்கள், அரிசி வாங்கினார்கள், விலையைத் தவிர வேறொன்றும் கதைக்காமல் போனார்கள். வெந்தயம் என்ற சொல்லையே கடையில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. சிறீதரன் அண்ணை மட்டும் கேட்டார், அவருக்கு உண்மையான வெந்தயம். கோடுகள் முப்பத்தொன்றில் நின்றன.

கிஷோபன் கடைப்பக்கமே வரவில்லை. ஐப்பசியில் ஒரு நாள், சலவைத் தொழிற்சாலை விடுகிற நேரம் பார்த்து, உருத்திரமூர்த்தி பஸ் தரிப்பில் போய் நின்றார். கையில் ஒரு பை, அதற்குள் அவன் விரும்புகிற பனங்கட்டியும் ஒரு சீப்புக் கதலியும். கிஷோபன் வந்தான், கண்டான், பக்கத்தில்தான் வந்து நின்றான். சவர்க்கார வாசமும் நீராவியின் ஈரமும் அவன் உடுப்பில் இருந்தன.

"தம்பி, நான் அவைக்கு ஒண்டும் சொல்லேல்லையடா."

"ஓம் அண்ணை. சொல்லேல்லை."

"நல்ல பொடியன் எண்டுதான் சொன்னனான்."

"ஓம். அதையும் சொன்னவை."

பஸ் வந்தது. பையை நீட்டினார். அவன் அதைப் பார்த்துவிட்டு ஏறிப் போய், மற்றக் கரை யன்னலில் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் புனிதவதி பையைப் பிரித்துப் பார்த்து, கதலியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள்.

மாசியில், பனி கரைந்து தெரு முழுக்கச் சேறாகக் கிடந்த ஒரு காலமை, தொலைபேசியைத் திறந்தபோது மரண அறிவித்தலில் கோபிசனின் படம் இருந்தது. யாருடையதோ கலியாண வீட்டில் எடுத்ததை வெட்டியிருந்தார்கள், தோளில் இன்னொருவரின் கை மிச்சமிருந்தது. வயது முப்பத்தாறு. சூரிச்சில் காலமானார். உருத்திரமூர்த்தி படத்தைப் பெருப்பித்தும் சிறுப்பித்தும் பார்த்தார். முருங்கைக்காயின் விலை கேட்ட அந்த வாய், படத்தில் மூடியிருந்தது.

பதினொரு மணிபோல் கிஷோபன் வந்தான். கையில் செத்தவீட்டுச் சாமான் எழுதிய கடதாசித் துண்டு. பச்சையரிசி, எள்ளு, நெய், கற்பூரம், சந்தனக்கட்டை, சுண்ணம் இடிக்க மஞ்சள். உருத்திரமூர்த்தி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கோபிசனின் தாய் ஊரில் இருந்து வீடியோவில்தான் பார்ப்பாவாம். கொள்ளி வைக்க ஆள் இல்லாததால் தான்தான் எல்லாம் செய்யவேண்டும் என்று கிஷோபன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு ஜக்கெட்டின் உள்பொக்கற்றில் இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அரிசிக்குப் பக்கத்தில் வைத்தான். ஒட்டு உடைக்கப்படாமல் இருந்தது.

"அண்ணை, அஞ்சு கிலோ வெந்தயம் திருப்பி எடுப்பியளோ?"

உருத்திரமூர்த்திக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கட்டிக்கொண்டிருந்த எள்ளுப் பையைக் கீழே வைத்தார்.

"கலியாணம் பேசுதுகள், ஒருக்காப் பாத்துப்போட்டுக் கட்டினா அந்தப் பிள்ளைக்கு நல்லதெண்டுதான் அண்ணை நான் எடுத்தனான். அண்டைக்கே பாத்தனான். ஒரு கோடு." சுட்டுவிரலை மேசையில் வைத்து ஒரு கோடு இழுத்துக் காட்டினான். "இவன் மெலிஞ்சுகொண்டு போனான். காய்ச்சல் வரும், போகும். நாலு தரம் சொன்னபிறகு ஓம் எண்டான். நாளைக்குச் செய்யிறன், ஞாயிற்றுக்கிழமை செய்யிறன் எண்டு வைச்சிருந்தான். அதுக்குள்ள உங்கட கதை வந்திட்டுது."

"தம்பி..."

"'உந்தப் பெட்டியைத் தொட்டா அந்தாள் கொப்பியில ஏத்திப்போடும்' எண்டான். நான் இல்லையெண்டு எவ்வளவோ சொன்னனான். 'மச்சான், நீ ஒரு கோட்டோடயே நாறிப்போனாய். எனக்கு ரெண்டு விழுந்தா?' எண்டு கேட்டான்."

கடைக்குள் ஒரு பெண் வந்து, கறிவேப்பிலையைப் பார்த்து, வாங்காமல் போனாள்.

"சளி எண்டுதான் கடைசியில கொண்டுபோனது. பன்னிரண்டு நாள் மெஷினில இருந்தவன். கொஞ்ச மாதம் முந்தி வந்திருந்தா எண்டு டொக்டர் தொடங்கினார். மிச்சத்தைச் சொல்லேல்லை. நல்ல மனுசன்."

உருத்திரமூர்த்தி காசு வேண்டாமென்று கையசைத்தார். கிஷோபன் கேட்கவில்லை. நோட்டை எடுத்து வைத்து, மிச்சத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவர் சில்லறையை எண்ணி அந்தக் கையில் வைக்கும்வரை நின்றான். சந்தனக்கட்டையையும் நெய்யையும் பையில் போட்டுக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினான்.

"அண்ணை, சனம் உங்களைத்தான் கேக்கும். நியூமோனியா எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லை, அதுதான் பத்திரத்திலயும் இருக்கு." பையை மற்றக் கைக்கு மாற்றினான். "உடன சொல்லுங்கோ. யோசிச்சுப்போட்டுச் சொல்லாதேங்கோ."

கதவு மணி அடித்து ஓய்ந்தது. சேற்றுச் சப்பாத்தின் அடையாளம் வாசலில் இருந்து கல்லாவரை வந்து, திரும்பிப் போயிருந்தது. புனிதவதி துடைப்பானோடு வந்து அதைப் பார்த்துவிட்டு, துடைக்காமல் உள்ளே போனாள்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. துன்னில் இருந்து ஒரு குரல். "அண்ணை, கோபிசன் எண்ட பொடியனுக்கு என்ன நடந்த..."

"நியூமோனியா," என்றார் உருத்திரமூர்த்தி. "தங்கமான பொடியன். நியூமோனியா."

கேள்வி முடியமுதல் பதில் போய்விட்டது. மற்றப் பக்கம் ஐயோ என்றது, பாவம் என்றது, வேறொன்றும் சந்தேகப்படாமல் வைத்துவிட்டது. முப்பது வருடத்தில் அவர் இவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு மதுஜா வருகிற நாள். வருடக் கணக்கு எடுக்க வேண்டுமாம், கொடுக்காத பெட்டிகளையும் கொண்டுபோவாளாம். உருத்திரமூர்த்தி மேசையில் இருந்த பெட்டியை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கைப்பழக்கத்தில் தராசில் வைத்தார். எண்கள் ஓடி, தடுமாறி, தொண்ணூறு கிராமில் நின்றன. விலையைக் கேட்டு ஒரு பச்சை விளக்கு கண்ணடித்தது. கொப்பியை விரித்தார். முப்பதாவது கோடும் முப்பத்தோராவது கோடும் ஒன்றோடொன்று சாய்ந்தாற்போல நின்றன. பேனையால் இழுத்தது, அழிக்க முடியாது. அவற்றுக்குக் கீழே, மதுஜா வாசிக்கத் தோதாக, எழுத்துக்கூட்டி எழுதினார்.

வந்தது ஐம்பது. போனது முப்பத்தொன்று. இருப்பு பத்தொன்பது. திரும்பி வந்தது என்று எழுதி, பக்கத்தில் ஒன்று போட்டார். அதை இருப்பில் கூட்டுவதா, போனதில் கழிப்பதா என்று பேனையை வைத்தபடி இருந்தார். தராசில் விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது.